உலகமயமாதலும் குமரி மாவட்டமும்: ஊர், மொழி, நாடு என்னும் அடையாளங்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

உலகமயமாதல் என்றவுடன் பலருக்கும் சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களும் பெங்களூரின் மென்பொருள் அலுவலகங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களுக்கு அதில் சொல்லிக்கொள்ளும்படி பங்கு எதுவும் இல்லை, பெருநகரங்களில் நடந்து முடிந்தது சில ஆண்டுகள் கழித்து இங்கே வந்து சேரும், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளை மட்டும் வாசித்துக்கொண்டே நடந்தால் இந்த நினைப்பு நெடுநேரம் நிற்காது. செவிலியர்களுக்கான ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி, ஜெர்மன் மொழி வகுப்பு, வளைகுடா வேலைக்கு ஆள்சேர்ப்பு, விசா, வெளிநாட்டுப் பணமாற்று, நகைக்கடன், குழிமந்தி என்று பலகைகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவிலேயே தேன் விற்கும் கடையும் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையும் இருக்கும்.

வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கல் இவ்வளவு பெருகும்போது, இத்தகைய நடுத்தர நகரங்களில் வாழ்பவர்களின் ஊர்ப்பற்றுக்கும் நாட்டுணர்வுக்கும் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே நாம் பார்க்கப்போகும் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. உலகச் சந்தை நுழைந்தால் உள்ளூர் அடையாளம் அழிந்துவிடும் என்பது ஒன்று. நம் பண்பாடு எதையும் செரித்துக்கொள்ளும், எதுவும் மாறாது என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. வெளித்தொடர்பு கூடக்கூட, ‘நீங்கள் யார், எந்த ஊர், எந்த நாடு’ என்ற கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய இடங்களும் கூடுகின்றன. அந்தப் பதில் இடத்துக்கு இடம் மாறுகிறது; எந்தப் பதிலால் யாருக்குப் பயன் கிடைக்கிறது என்பதும் ஒரே அளவாக இருப்பதில்லை.

முதலில் சில அடிப்படைகள். பொருள், பணம், மனிதர், செய்தி ஆகியவை நாட்டு எல்லைகளைக் கடந்து போய்வரும் அளவும் வேகமும் பெருகி, ஓரிடத்தில் எடுக்கப்படும் முடிவு தொலைதூரத்தில் உள்ள வேறோரிடத்தின் அன்றாட வாழ்வை நேரடியாகத் தொடும் நிலையைத்தான் உலகமயமாதல் என்கிறோம். இந்தியாவில் 1991-இல் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதையும், 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கப்பட்டதையும் இதன் அண்மைக்காலத் திருப்பங்களாகச் சொல்வது வழக்கம். உள்ளூர் அடையாளம் என்பது பேச்சு, உணவு, தொழில், வழிபாடு, நினைவு ஆகியவற்றால் ‘நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்’ என்று ஒரு கூட்டம் தன்னை உணர்வது. நாட்டுணர்வு சற்றுச் சிக்கலானது. ஒருவரையொருவர் வாழ்நாளில் சந்திக்கவே போகாத கோடிக்கணக்கானவர்கள் தங்களை ஒரே சமூகமாகக் கற்பனை செய்துகொள்வதால்தான் தேசம் நிலைபெறுகிறது என்று அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் விளக்கினார். அந்த உணர்வோடு இன்னொன்றும் சேர்ந்தே வரும்: இந்த நாட்டவன் என்பதால் எனக்கு இன்னது கிடைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை. உணர்வையும் உரிமையையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிக்கொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும்.

பழைய துறைமுகங்களும் ஒரு கல்லறையும்

வெளியுலகம் குமரிக்கு 1991-இல்தான் வந்தது என்று சொன்னால் கோட்டாறு வணிகர்களின் முன்னோர் சிரித்திருப்பார்கள். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமிக் குறிப்பொன்று குமரித் துறையையும் அங்கே நீராட வருபவர்களையும் பற்றிப் பேசுகிறது. 1741 ஆகஸ்டில் குளச்சலில், அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்ததற்குப் பின்னணியில் இருந்தது மிளகு வணிகம். இந்த மண்ணில் விளைந்த மிளகை யார், எந்த விலைக்கு வாங்குவது என்பதற்காக ஒரு நிறுவனம் கடல் கடந்து படை அனுப்பியது என்றால், அதற்கு உலகமயமாதல் என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க இயலாது.

அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற ஐரோப்பிய அதிகாரி பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்துத் தளபதியாக உயர்ந்து, தக்கலைக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் பிறந்து, டச்சுக்காரர்களிடம் ஊழியம் பார்த்து, திருவிதாங்கூருக்காகப் போரிட்டவரை எந்த நாட்டவர் என்பது? அவரோடு கொண்ட பழக்கத்தால் கிறித்தவரான நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் என்ற பெயரேற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. நட்டாலத்துக்காரர்களுக்கு அவர் ஊர்க்காரர். வத்திக்கானில் அதே நாளில் அவர் இந்தியப் பொதுநிலையினரில் (குருவோ துறவியோ அல்லாதவர்களில்) முதல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஊர்ப்பெருமையும் நாட்டுப்பெருமையும் உலகத் திருச்சபையின் ஏற்பும் ஒரே நிகழ்வில் கலந்திருந்ததால், எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மணவாளக்குறிச்சியின் கதை இன்னும் வேடிக்கையானது. இந்தக் கரையோரத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில், எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவையான தோரியம் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதன்பிறகு இங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. சுதந்திரத்துக்குப் பின் அதே மணல் அணுசக்திக்கான தேசியச் சொத்தாயிற்று. இன்று மணல் எடுப்பு விரிவாக்கத்தை எதிர்த்துக் கடற்கரை ஊர்கள் பேசும்போது, அது எங்கள் வாழிடம் என்கின்றன. மணல் மாறவில்லை, அதற்குச் சொந்தம் கொண்டாடும் வட்டம்தான் நூறாண்டுகளில் மூன்று முறை மாறியிருக்கிறது.

நம்முடையது என்று நாம் சொல்பவை

குமரிக்காரரிடம் உங்கள் ஊர்ச் சாப்பாடு எது என்று கேட்டால் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் என்று தயங்காமல் சொல்வார். மரச்சீனி தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பரப்ப ஊக்கமளித்தார். பஞ்ச காலங்களில் ஏழைகளின் வயிற்றைக் காத்த அந்தக் கிழங்கு, இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதைச் சுட்டிக்காட்டி உள்ளூர் அடையாளம் பொய் என்று வாதிடுபவர்களை நான் ஏற்பதில்லை. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை வைத்து இங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்பதே அதை உள்ளூருடையதாக்குகிறது. உலகளாவியதும் உள்ளூர்த்தன்மையும் எதிரெதிரானவை அல்ல, ஒன்றையொன்று உருவாக்குபவை என்று சமூகவியலாளர் ரோலண்ட் ராபர்ட்சன் சொன்னதற்கு நம் அடுக்களையே போதுமான சான்று.

ரப்பரைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மனிதர்களின் காலைப்பொழுதையே அமைப்பது அதுதான். விடியுமுன் தலைவிளக்கோடு தோட்டத்துக்குள் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைப்புரையில் காயவைத்து எடுத்தால் ஷீட் ஆகிறது. இந்த வேலை முழுவதும் அருமனையிலோ குலசேகரத்திலோ நடக்கிறது. ஆனால் அந்த ஷீட்டின் விலையை அருமனை முடிவு செய்வதில்லை. கோட்டயம் சந்தையில் அன்றைக்கு என்ன விலை என்று பார்த்துத்தான் கடைக்காரர் எடுப்பார். கோட்டயத்து விலை பாங்காக்கின் விலையையும், டயர் ஆலைகளின் இறக்குமதியையும், செயற்கை ரப்பருக்கு மூலப்பொருளான கச்சா எண்ணெயின் விலையையும் பார்த்து அசையும். 2011-இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ஷீட் 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024-இல் மீண்டும் 200 ரூபாயைத் தாண்டியது. விலை விழுந்த ஆண்டுகளில் பால்வெட்டு நின்றுபோன தோட்டங்கள் ஏராளம். வெட்டுக்கூலி கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது என்ற நிலையில் மரத்தைச் சும்மா விட்டுவிடுவதே மேல் என்று சிறு விவசாயிகள் கணக்குப் போட்டார்கள்.

இதில் நாட்டுணர்வு எங்கே வருகிறது என்று கேட்கலாம். விலை விழும்போது அந்த விவசாயியால் பாங்காக்கில் போய் மறியல் செய்ய முடியாது. அவர் தில்லியைப் பார்த்துத்தான் பேசுகிறார்: இறக்குமதி வரியை உயர்த்துங்கள், ஆதார விலை கொடுங்கள் என்கிறார். அதாவது, உலகச் சந்தை அவரைத் தேசத்திடமிருந்து விலக்குவதற்குப் பதிலாகத் தேசத்தின் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. முன்பு சொன்ன உணர்வு, உரிமை என்ற இரண்டில், இங்கே வேலை செய்வது உரிமை. அதே நேரத்தில், அன்றாட விலையும் ரப்பர் வாரியமும் கோட்டயத்தில் இருப்பதால், அவருடைய தொழில் வாழ்வின் ஒரு பகுதி மாநில எல்லைக்கு அப்பால்தான் கிடக்கிறது. மாவட்டத்தின் மேற்கிலுள்ள விளவங்கோடு பக்கத்து முதியவர்களில் சிலர் மலையாளப் பத்திரிகையை வரவழைப்பதையும் இந்தத் தொழில் தொடர்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதில் மொழிப் பிரச்சினை எதுவும் இல்லை.

அண்டி ஆபீஸ்களில் படம் வேறு. கொல்லத்து முதலாளிகள் கூலி குறைவு என்பதால் எல்லைக்கு இப்பால் கொண்டுவந்த முந்திரித் தொழிற்சாலைகளைத்தான் மக்கள் அப்படி அழைக்கிறார்கள். அங்கே உடைபடும் கொட்டையில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. உடைப்பவர்கள் இங்குள்ள பெண்கள். இயந்திரங்களைப் பெருமளவில் புகுத்திய வியட்நாம் உலகின் முதன்மை முந்திரி ஏற்றுமதியாளராக எழுந்தபோது, அதன் அடி விழுந்தது அந்தப் பெண்களின் வேலைநாட்களின்மேல்தான். ரப்பர் விவசாயிக்காவது தோட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சட்டமன்றத்தில் பேச ஆள் இருக்கிறார்கள். உலகமயமாதலால் அடையாளம் செழிக்கிறதா, தேய்கிறதா என்று பொதுப்படையாகக் கேட்பதற்கு முன்னால், யாருடைய அடையாளம் என்று கேட்டுக்கொள்ளும்படி புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

இனி, ஒரு பொருள் இன்ன ஊருக்கு உரியது என்று காட்டும் சட்ட முத்திரை பற்றி. குமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தைக்கு முதன்முதலாக மசித்து ஊட்டும் பழம் என்ற பெயர் மட்டிக்கு இங்கே நெடுங்காலமாக உண்டு. அதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்படும் என்று யாரும் நினைத்ததில்லை. மார்த்தாண்டம் தேனும் மயிலாடிக் கற்சிற்பமும் அதே குறியீட்டைப் பெற்றிருக்கின்றன. இந்தக் குறியீட்டுக்கான இந்தியச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்ட கடமையின் விளைவு அது. ஒரு பழம் இந்த ஊருக்கே உரியது என்று சட்டப்படி நிறுவுவதற்கான வழியையே உலக வணிக ஒப்பந்தம்தான் திறந்துவிட்டது. எல்லாச் சந்தைகளிலும் எல்லாப் பொருளும் கிடைக்கத் தொடங்கியபோதுதான் ‘இது இன்ன ஊருடையது’ என்ற விவரத்துக்கு விலை ஏறியது. ஆனால் குறியீடு கிடைத்ததோடு விவசாயியின் கையில் பணம் சேர்ந்துவிடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொண்டவர்களே அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்தலாம். பதிவுக்கு அலைவதற்கு நேரமும் விவரமும் உள்ளவர் வியாபாரியாக இருந்தால் பயனும் அவருக்கே போகும்.

கடலில் போனவர்களின் குடியுரிமை

மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரையிலான எட்டுக் கடற்கரை ஊர்களைப் பொதுவாகத் தூத்தூர்ப் பகுதி என்பார்கள். ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு இணையானவர்கள் நாட்டிலேயே குறைவு. இவர்களுடைய விசைப்படகுகள் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் கரை பிடிக்கும். குஜராத், லட்சத்தீவு, ஓமன் கடல் வரை போகும். ஊர் இருப்பது தமிழ்நாட்டில். பங்குகள், அதாவது இவர்களுடைய கத்தோலிக்கத் தேவாலயச் சமூகங்கள், திருவனந்தபுரம் லத்தீன் பேராயத்தைச் சேர்ந்தவை. மீன் விலைபோவது கேரளத்துத் துறைமுகத்தில். பிடிபட்டால் நிற்பது வேறு நாட்டின் சட்டத்துக்கு முன்னால். ஒரே மனிதருக்கு இவ்வளவு எல்லைகள் இருக்கும்போது அவருக்கு எந்த அடையாளம் முதன்மையானது என்று கேட்டால், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் விடை அமையும்.

இந்தியப் பெருங்கடலிலுள்ள டீகோ கார்சியா தீவைச் சுற்றிய கடற்பகுதியில் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் சிக்கும் படகுகளைப் பற்றிய செய்தி அவ்வப்போது வரும். பிடிப்பவருக்கு இவர்கள் வள்ளவிளைக்காரர்களோ சின்னத்துறைக்காரர்களோ அல்லர். இந்தியக் கொடி பறக்கும் படகில் வந்த இந்தியர்கள். தன் ஊருக்குள் சாதியாலும் பங்காலும் படகுக் கூட்டாலும் அறியப்படும் ஒருவர், நடுக்கடலில் ஒரு நிமிடத்தில் வெறும் இந்தியராகிவிடுகிறார்.

வளைகுடா நாடுகளிலும் ஈரானிலும் அங்குள்ள முதலாளிகளின் படகுகளில் மீன்பிடிக்கப் போனவர்களின் நிலை இன்னும் தெளிவாக இதைக் காட்டும். இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிடிப்பில் பங்குதான். 2020-இல் கொரோனா பரவி ஈரானின் துறைமுகங்கள் முடங்கியபோது குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்த மீனவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே படகுகளிலேயே தங்கி, உணவுக்கும் குடிநீருக்கும் தவித்தார்கள். அவர்கள் செல்பேசியில் பதிவுசெய்து அனுப்பிய காணொளிகள் முதலில் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. பிறகு பங்குத்தந்தையரும் மீனவர் அமைப்புகளும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோனார்கள். கடைசியில் இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் வந்து சேர்ந்தது. உலகச் சந்தை அவர்களை அங்கே கொண்டுபோயிற்று. செல்பேசி அவர்கள் குரலை ஊருக்குக் கொண்டுவந்தது. கப்பலை அனுப்பியது நாடு. நாடு என்பதன் பொருள் பாடப்புத்தகத்தில் வாசித்ததைவிட அந்த மூன்று நான்கு மாதக் காத்திருப்பில்தான் அவர்களுக்குக் கூடுதலாகப் புரிந்திருக்கும். ஏன் இவ்வளவு தாமதம் என்ற கோபமும் அதில் அடக்கம்.

வெளியூர் போனவர்களால் ஊர் தளர்ந்துவிடுகிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். குமரியில் பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கோயில் கொடை விழாவும் பங்குத் திருவிழாவும் யூடியூப்பில் நேரலையாகப் போகின்றன. குவைத்தில் இருப்பவர் தன் வீட்டு முன்னால் சப்பரம் வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே பார்க்கிறார். திருவிழாவின் எந்த நாள் செலவை எந்த நாட்டில் உள்ளவர்கள் ஏற்பது என்று பிரித்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு. பணம் வருவதால் விழாக்கள் பெரிதாகின்றன. விழா பெரிதானால் ஊர்ப்பெருமையும் பெரிதாகிறது. பக்கத்து ஊரோடு போட்டியும் கூடவே வளர்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இரண்டு பாறைகள்

குமரி மாவட்டத்தில் நாட்டுணர்வைப் பற்றிப் பேசும்போது நடுவில் உள்ள மாநிலம் என்ற படியைத் தாண்டிப் போக முடியாது. இன்றைய மாவட்டமாக அமைந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய அன்றைய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆகவே தமிழர் என்ற அடையாளம் இங்கே பிறப்பிலேயே வந்துவிட்ட ஒன்றாக மட்டும் இருக்கவில்லை; கேட்டு வாங்கிய ஒன்றாகவும் இருக்கிறது. ஆனாலும் ஓணத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு, நாகர்கோவில் ரயில் நிலையம் திருவனந்தபுரம் கோட்டத்தில் உள்ளது, வெளிநாடு போகிறவர் ஏறும் விமானநிலையமும் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. குமரிக்காரர் உலகத்துக்குப் போகும் வாசல் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

மொழியால் இணைந்த அந்த உறவும் சோதனைக்கு உள்ளாகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபின், கடலில் போனவர்களைத் தேடுவதில் காட்டப்பட்ட மெத்தனத்தைக் கண்டித்து ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தன. கேரள அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்திருந்தது. முதலில் குறைவாக அறிவித்த தமிழ்நாடு அரசும் பிறகு அதே அளவுக்கு உயர்த்தியது. அந்த இடைவெளியில் எங்களைக் கேரளத்தோடு சேர்த்துவிடுங்கள் என்ற குரலும் எழுந்தது. அதை மொழித் துரோகம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அது உரிமைக் குரல், உணர்வை அளக்கும் கோலால் அதை அளக்கக் கூடாது என்பேன்.

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் இரண்டு பாறைகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. முதலாவது, இந்தியா என்ற ஒருமையின் தென்கோடி இது என்கிறது. இரண்டாவது, தமிழின் தென்கோடியும் இதுவே என்கிறது. 2024 டிசம்பர் இறுதியில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் போடப்பட்டபின் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பாலத்தைத்தான் படமெடுக்கிறார்கள். ‘காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை’ என்று மேடைகளில் சொல்லப்படும்போது இந்த ஊர் ஒரு குறியீடாக மட்டும் நிற்கிறது. விவேகானந்தர் பாறை யாருக்கு உரியது என்பதில் 1960-களின் தொடக்கத்தில் உள்ளூர்க் கத்தோலிக்க மீனவர்களுக்கும் நினைவகம் கேட்டவர்களுக்கும் தகராறு இருந்தது. ஓரிடம் தேசத்தின் சின்னமாகும்போது அங்கே ஏற்கெனவே வாழ்பவர்களின் நினைவு பின்னுக்குப் போவது உலகின் பல இடங்களில் நடப்பதுதான்.

வருபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒடிசா, வங்காளம், அசாம், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இன்று குமரியின் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் ஓட்டல்களிலும் விசைப்படகுகளிலும் இருக்கிறார்கள். இங்குள்ள இளைஞர்கள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனதால் விட்டுப்போன வேலைகளில் கணிசமானவற்றைச் செய்பவர்கள் இவர்களே. அரசமைப்புச் சட்டப்படி இவர்களும் நாமும் ஒரே நாட்டவர். ஆனால் வீடு வாடகைக்குக் கேட்கும் இடத்தில் ‘வடக்கத்தியான்’ என்ற சொல்தான் முதலில் வருகிறது. துபாயில் தன்னை ‘மதராசி’ என்று அழைத்ததற்காக வருந்தியவர் ஊர் திரும்பி இதைச் சொல்லும்போது எனக்கு வியப்பாக இருப்பதில்லை, வருத்தமாக இருக்கிறது. நாட்டுணர்வை இன்னொரு நாட்டின் விமானநிலையத்தில் காண்பிப்பது எளிது. தன் தெருவில் அதே நாட்டின் இன்னொரு மொழிக்காரருக்கு வீடு கொடுப்பதில்தான் அது நிஜமாகவே தெரியவரும்.

கடைசியாகத் துறைமுகங்கள். இந்தியாவுக்கு வந்துபோகும் சரக்குப்பெட்டிகளில் இடையில் கப்பல் மாற்ற வேண்டியவற்றின் பெரும்பங்கு கொழும்பு, சிங்கப்பூர் போன்ற அயல்நாட்டுத் துறைமுகங்களில் மாற்றப்பட்டுவந்ததால், அத்தகைய துறைமுகம் நம் கரையிலேயே வேண்டும் என்பது தேசிய அளவிலான வாதம். 2016-இல் மத்திய அமைச்சரவை குமரிக் கடற்கரையிலுள்ள இனயத்தில் அதை அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கரையும் வீடும் தொழிலும் போய்விடும் என்று மீனவ ஊர்கள் எதிர்த்தன. கன்னியாகுமரிக்கும் கீழமணக்குடிக்கும் இடையே மாற்றலாம் என்றபோது அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களைத் தேச வளர்ச்சிக்குத் தடையானவர்கள் என்று சொல்வது எளிதாக இருந்தது. ஈரானிலும் டீகோ கார்சியாவிலும் இந்தியர்களாக நின்றவர்கள் இதே கரையோர மக்கள்தான் என்பது அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. இதற்கிடையே மாநில எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞம் துறைமுகம் எழுந்து, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அதே மாதம் 25-ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 பெட்டிகளோடு கேரளக் கடலில் மூழ்கியது. சில நாட்களில் அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நீரோட்டத்தோடு வந்து குமரி மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. மணலையும் குருணையையும் சல்லடையில் பிரித்தெடுக்கும் வேலை நடந்தது. மீன் வாங்கத் தயங்கினார்கள். கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி, அதை இயக்கிய நிறுவனத்தின் தலைமையகம் சுவிட்சர்லாந்தில், மூழ்கியது கேரளத்துக்கு எதிரே, ஒதுங்கியது தமிழ்நாட்டிலும். கேரள அரசு கேரள உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் நீரோடியிலோ குளச்சலிலோ வலையை வெறுமனே இழுத்துவந்தவர், தன் இழப்புக்கு யாரிடம் போவது என்று கேட்டால், அவர் கையெட்டும் தூரத்தில் இருப்பது நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம்தான். லைபீரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் தொடங்கும் பொறுப்பு அந்த மேசைவரை வந்துசேர, அவருக்குத் தமிழ்நாடு அரசும் வேண்டும், இந்திய அரசும் வேண்டும். முதலில் அவருடைய ஊர் சேர்ந்து மனு எழுத வேண்டும்.